3,600 கியாட்டுக்குள் எதெல்லாம் அடங்கும்? யாங்கோன் தையல் ஆலை ஒன்றில் நடந்த கூலித் தகராறு, 2015–16

இதில் வரும் ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். தொழிலாளர்களின் காகிதங்களைப் பர்மியிலிருந்து தமிழில் படித்துச் சொல்லவும், சம்பளக் கணக்கைச் சரிபார்க்கவும் நான் கூட இருந்தேன். பேச்சுவார்த்தை நடத்தியது அவர்கள்தான்.

பின்னணி

பர்மாவில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2015 செப்டம்பர் 1 அன்று. எட்டு மணி நேர வேலைக்கு 3,600 கியாட் (பர்மாவின் பணம்). அன்றைய மதிப்பில் மூன்று டாலருக்கும் குறைவு. 1949-லேயே ஒரு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருந்தது. ஆனால் அது அரிசி ஆலைகளையும் சுருட்டுத் தொழிலையும் தாண்டி வரவில்லை. பர்மாத் தமிழரான நம் தாத்தாமார் பலர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்கள் என்பதால் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் வீடுகளில் உண்டு. அதனால் பலன் அடைந்ததாகச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

2011-க்குப் பிறகு நாடு திறந்தது. 2013 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகையைத் திருப்பிக் கொடுத்ததும் தையல் ஆர்டர்கள் குவிந்தன. யாங்கோனைச் சுற்றி லைங்தாயா, ஷ்வேபிதா, தெற்கு டகோன் தொழிற்பேட்டைகளில் மாதத்துக்கு மாதம் புதுக் கொட்டகைகள் எழும்பின. இங்கே தையல் ஆலைகள் பெரும்பாலும் வெட்டு, தை, கட்டு என்ற முறையில் ஓடுகின்றன. துணி, நூல், பொத்தான் எல்லாம் ஆர்டர் கொடுப்பவரிடமிருந்து வரும். ஆலைக்குக் கிடைப்பது தையல் கூலி மட்டும். அதனால் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலாளியின் கை முதலில் போவது சம்பளத்தின் மேல்தான். 3,600 என்ற தொகை 2015 ஜூன் கடைசியில் முன்மொழியப்பட்டபோது, இது கட்டுப்படியாகாது, ஆலையை மூடிவிடுவோம் என்று சீன, கொரிய முதலாளிகள் பலர் சொன்னார்கள். தொழிற்சங்கத் தரப்பு கேட்டது அதைவிட அதிகம். கடைசியில் முன்மொழிந்த தொகையே நின்றது.

இந்த ஆலை தெற்கு டகோனில் இருந்தது, வெளிநாட்டு முதலாளி. தொழிலாளர்களில் அதிகம் பேர் ஐராவதி வடிநிலத்திலிருந்து வந்த பர்மியப் பெண்கள். பெகு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லினை ஒட்டிய கிராமங்களிலிருந்து ஃபெரி பஸ்ஸில் வந்த தமிழ்ப் பெண்களும் கணிசமாக இருந்தார்கள். ஃபெரி என்றால் ஆலை ஏற்பாடு செய்யும் பஸ். காலையில் ஊர் முனையில் ஏற்றி இரவு அங்கேயே இறக்கிவிடும். தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் ஹெல்பர் (நூல் வெட்டுவது போன்ற உதவி வேலை), மீதிப் பேர் மெஷினில்.

கவனித்தவை

ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டில் ஒரு மெஷின் ஆபரேட்டருக்கு இருந்தவை: அடிப்படைச் சம்பளம் 50,000, லீவு போடாமல் வந்ததற்கு 20,000, தொழில்திறனுக்கு 15,000, பயணப் படி 10,000, அரிசிப் படி 5,000. ஆக 1 லட்சம் கியாட். இதற்கு மேல் ஓவர்டைம். அது அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும் கணக்கிடப்பட்டதால் மணிக்குச் சுமார் 525 கியாட் வந்தது. மாதம் 60 மணி நேரம் பார்த்தவருக்கு அது இன்னொரு 31,500.

அக்டோபர் முதல் வாரத்தில் கைக்கு வந்த செப்டம்பர் சீட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: 3,600 பெருக்கல் 30, மொத்தம் 1,08,000. படிகள் எதுவும் இல்லை.

மேனேஜர் தரப்பு சொன்னது: 'அரசு சொன்னதைக் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு 8,000 கியாட் கூடியிருக்கிறது.' காகிதத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் அதே மாதம் ஓவர்டைம் நின்றுபோனது. புதுக் கணக்கில் மணிக்கு 450, அதில் இரண்டு மடங்கு 900 கியாட் ஓவர்டைமாகக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு மணி நேர டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். முன்பு பத்து மணி நேரத்தில் தைத்ததை எட்டு மணி நேரத்தில் தைக்கச் சொன்னார்கள். ஆகஸ்டில் 1,31,500 வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோனது 1,08,000. சம்பளம் கூடிய மாதத்தில் கையில் 23,500 குறைவு. பயணப் படி போனதோடு தன்லின் ஃபெரியையும் நிறுத்தினார்கள். இரண்டு லைன் பஸ் மாறி வருவதற்குச் சொந்தக் காசு.

இன்னொரு விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. குறைந்தபட்சக் கூலி தொடங்கிய அதே நேரத்தில் அரசின் மாதிரி வேலை ஒப்பந்தமும் கட்டாயமானது. ஆகவே செப்டம்பரில் எல்லாரிடமும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பழைய ஹெல்பர்கள் பலருக்குக் கொடுத்த காகிதத்தில் 'பயிற்சிக் காலம்', 'தகுதிகாண் காலம்' என்று போட்டிருந்தது. விதிப்படி வேலை கற்றுக்கொள்ளும் மூன்று மாதம் வரை பாதிக் கூலியும், அடுத்து தகுதிகாணும் மூன்று மாதம் வரை முக்கால் கூலியும் கொடுக்கலாம். புதிதாக வருபவருக்கான விதி அது. நான்கு வருடம் நூல் வெட்டிய பெண்ணை செப்டம்பரில் புது ஆளாக்கி 2,700 கியாட்டுக்குக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கூலி மட்டும் போகவில்லை, பணிக்காலமும் பூஜ்யமாகிவிட்டது. அந்த வருடம் ஜூலையில் வந்த அறிவிப்பின்படி, மூன்று முதல் நான்கு வருடம் வேலை பார்த்தவரை நிறுத்தினால் மூன்று மாதச் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதம்கூட ஆகாதவருக்கு ஒன்றுமில்லை.

தகுதிகாண் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் தமிழ்ப் பெண்கள் அதிகம். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பர்மிய மொழி பேசினாலும் சட்டக் காகிதம் படிக்கும் அளவுக்கு எழுத்துப் பழக்கம் பலருக்கு இல்லை. அடையாள அட்டைச் சிக்கல் அதைவிடப் பெரியது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு நிற அட்டை (நிறம் குடியுரிமை வகையைக் காட்டும்), பிள்ளைக்கு வேறு நிறம், இன்னொரு பிள்ளைக்கு அட்டையே இல்லை என்ற நிலை புதிதல்ல. அட்டை இல்லாத ஏழெட்டுப் பேர் அக்கா அல்லது சித்தியின் அட்டை நகலைக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஆலைக்கும் அது தெரியும். அது ஆலைக்கு வசதியாகவே இருந்தது.

சம்பளம் போட்ட அன்று மத்தியானம் ஒரு லைனில் (மெஷின் வரிசையில்) மெஷின்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் திட்டமிட்டதில்லை. சாயங்காலம் வரை நீடித்தது. ஆலை அந்த அரை நாளைச் சம்பளத்தில் பிடித்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி, வேலைநிறுத்தமா பேச்சுவார்த்தையா என்பது. ஆலையில் சங்கம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 2011-இன் தொழிலாளர் அமைப்புச் சட்டப்படி குறைந்தது 30 பேர் சேர வேண்டும், மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் ஆதரவு தெரிவிக்க வேண்டும். ஆள் சேர்ந்துவிட்டது, பதிவு வரவில்லை. முறையான வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்பும் மேல்மட்டச் சம்மேளனத்தின் அனுமதியும் தேவை. இரண்டும் இல்லாமல் நின்றால் அதையே காரணமாக்கி ஆட்களை நீக்கலாம். சங்கத்தை நடத்திய இளம் பர்மியப் பெண் (எல்லாருக்கும் அவர் 'மா', அதாவது அக்காதான், வயதில் மூத்தவர்களுக்குக்கூட) மெஷினை மறுபடி ஓட்டச் சொன்னார். அன்று இரவு அவரைக் காசு வாங்கிவிட்டார் என்று பேசியவர்கள் உண்டு.

தமிழ்ப் பெண்கள் பக்கம் தயக்கம் வேறு மாதிரி. கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "பிள்ளைகளா, இதுல முன்னாடி போய் நிக்காதீங்க. பிரச்சினைன்னு வந்தா முதல்ல கலான்னு நம்மளத்தான் தனியாப் பிரிச்சு வைப்பாங்க" என்றார். கலா என்பது இந்திய வம்சாவளியினரை இங்கே இழிவாகச் சொல்லும் பெயர். அவர் சொன்னதை வெறும் பயந்தாங்கொள்ளித்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. 1930 மே மாதம், அப்போது ரங்கூன் எனப்பட்ட யாங்கோனின் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு நின்றார்கள். முதலாளிகள் அவர்கள் இடத்தில் பர்மியரை வேலைக்கு வைத்தார்கள். அப்புறம் பழைய ஆட்களையே திரும்ப எடுத்தபோது இரு தரப்பும் மோதி நகரமே கலவரமானது. 1960-களில் கடைகள் தேசியமயமானபோது குடும்பத்தோடு கப்பலேறியவர்களின் கதை இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது. இந்த நினைவோடு வளர்ந்தவர்கள் சும்மா கையெழுத்துப் போட்டுவிட மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் வழக்கின் மையம்: என்னவென்று கேட்பது? எல்லாருக்கும் கோபம் ஓவர்டைம் போனதில். ஆனால் ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுத்தால் இரண்டு மடங்கு கொடு என்றுதான் சொல்கிறது. அதை முதல் கோரிக்கையாக வைத்தால் நகரியச் சமரசக் குழுவில் (வட்டார அளவில் தொழில் தகராறைப் பேசித் தீர்க்கும் குழு) ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். சட்டத்தில் பிடி கிடைத்த இடமோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்று. 2013 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 'கூலி' என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் நல்ல வேலைக்கும் நல்ல நடத்தைக்கும் தரும் போனஸ் உள்ளே வருகிறது. பயணப் படி, சாப்பாட்டுச் செலவு, தங்குமிடம், மின்சாரம், தண்ணீர் வெளியே நிற்கின்றன.

இந்த விளக்கத்தை வைத்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். பழைய சீட்டில் கூலிக்குள் வருபவை 50,000, 20,000, 15,000, ஆக 85,000. அதை 1,08,000-க்கு உயர்த்துவது சட்டப்படி ஆலையின் கடமை. வெளியே நிற்கும் பயணப் படியும் அரிசிப் படியும், ஆக 15,000, இந்த உயர்வுக்குள் கரையக் கூடாது. சேர்த்தால் 1,23,000. கொடுத்தது 1,08,000. 8,000 கூட்டியதாகச் சொன்னவர்கள் உண்மையில் ஆளுக்கு மாதம் 15,000 குறைத்திருக்கிறார்கள்.

வருகைப் போனஸ் போனதில்தான் வலி அதிகம், சட்டத்தில் அதற்குப் பலம் குறைவு. ஆகவே கோரிக்கைகளை இப்படி வரிசைப்படுத்தினார்கள்: பயணப் படியும் அரிசிப் படியும் முதலில், தகுதிகாண் ஒப்பந்தங்களை ரத்து செய்வது அடுத்து, டார்கெட்டும் வருகைப் போனஸும் பேசித் தீர்க்க வேண்டியவை என்று தனியாக. ஓவர்டைம் கோரிக்கைத் தாளில் இல்லை. இதை லைனில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க ஒரு வாரம் போனது. எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் எடுத்ததிலேயே கடினமான முடிவு இதுதான்.

மூன்றாவது, அடுத்தவர் அடையாள அட்டையில் வேலை பார்த்தவர்களை என்ன செய்வது என்பது. பெயர்ப் பட்டியலோடு மனுப் போட்டால் அவர்கள் மாட்டுவார்கள். விட்டுவிட்டால் ஆலை அவர்களைப் பயமுறுத்தி எதிர்ச்சாட்சி சொல்ல வைக்கலாம். தனிநபர் புகாராக இல்லாமல் கூட்டுத் தகராறாக, சம்பளப் பிரிவு வாரியாகவும் சம்பளப் பட்டியல் எண் வாரியாகவும் எழுதுவது என்று முடிவானது. முன்னால் பேசும் பிரதிநிதிகளாக அட்டையும் லேபர் கார்டும் (தொழிலாளர் அலுவலகத்தின் பதிவு அட்டை) சுத்தமாக உள்ளவர்களை மட்டும் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் இருபது வருடமாக மெஷினில் இருந்த தமிழ் அக்கா. இவர் வந்த பிறகுதான் தன்லின் பெண்கள் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

சாட்சிக்கு ஆகஸ்ட் சீட்டுதான் வேண்டும். பெரும்பாலானவர்கள் சம்பளத்தை எண்ணியதும் அதைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் எடுக்கச் சீட்டைக் காட்ட வேண்டியிருந்த சிலரிடம் மட்டும் வருடக் கணக்கில் அடுக்கி இருந்தது. ஒவ்வொரு லைனுக்கும் சில சீட்டுகள் தேறின. போதும்.

தொடர்ந்தவை

ஆலைக்குள் இருக்கும் ஒருங்கிணைப்புக் குழு ஐந்து நாளில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து நாளும் மேனேஜர், 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்றதோடு சரி. அப்புறம் நகரியச் சமரசக் குழு. அங்கே பயணப் படியை ஆலை சீக்கிரமே ஒப்புக்கொண்டது. சட்ட விளக்கத்தில் அந்தச் சொல் அப்படியே இருந்ததால் வாதிட இடமில்லை. நவம்பரிலிருந்து ஃபெரி திரும்ப ஓடும், ஃபெரி போகாத இடத்துக்கு மாதம் 10,000, செப்டம்பர், அக்டோபர் நிலுவையாக ஆளுக்கு 20,000 என்று எழுதிக் கையெழுத்தானது. அரிசிப் படி முதலாளி அன்பாகக் கொடுத்தது, சாப்பாட்டுச் செலவாகாது என்றார்கள். தகுதிகாண் ஒப்பந்தமோ தொழிலாளர்களே விரும்பிக் கையெழுத்திட்டது என்றார்கள்.

அந்த இரண்டும் யாங்கோன் பிராந்திய நடுவர் குழுவுக்குப் போயின. நடுவில் தடின்ஜுட் (பர்மியரின் விளக்குத் திருவிழா) விடுமுறை, நவம்பர் 8-ஆம் தேதி பொதுத் தேர்தல், அதற்கு இரண்டு நாள் கழித்துத் தீபாவளி. நாடே தேர்தல் முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் நகல் எடுக்கும் கடையில் நின்றார்கள். இந்த இடைவெளியில் சங்கத் தலைவியை மெஷினிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையாததால் புகாராக எழுத முடியவில்லை.

டிசம்பரில் வந்த முடிவு: அரிசிப் படி ஒவ்வொரு மாதமும் சீட்டில் தனி வரியாக வந்த ஒன்று, ஆகவே அதைக் கூலி உயர்வுக்குள் கரைக்க முடியாது. மூன்று மாத நிலுவை 15,000. பழைய சீட்டோ லேபர் கார்டோ காட்டக்கூடியவர்களின் தகுதிகாண் ஒப்பந்தம் செல்லாது. பணிக்காலம் பழைய தேதியிலிருந்தே தொடரும், கூலி வித்தியாசமும் உண்டு. ஆலை மேல்முறையீட்டுக்கு, அதாவது அரசு, முதலாளி, தொழிலாளர் தரப்பில் தலா ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றத்துக்கு, போகவில்லை. ஜனவரியில் பணம் வந்தது.

வருகைப் போனஸ் தீர்ப்பில் இல்லை. ஆனால் சீட்டில் தனி வரி போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, வருகை குறைந்த லைன்களுக்காக ஆலையே 10,000 என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. முன்பிருந்ததில் பாதி. டார்கெட் இறங்கவே இல்லை. ஓவர்டைம் ஆர்டர் நெருக்கும் மாதங்களில் மட்டும் வந்தது, மணிக்கு 900 கணக்கில்.

அட்டைச் சிக்கல் உள்ளவர்களுக்குக் கிடைத்தது அரைகுறை. அவர்களுக்கும் முழுக் கூலி வந்தது, நிலுவையும் வந்தது. சம்பளப் பட்டியல் எண் அதற்கு உதவியது. பணிக்காலத்தை நிரூபிக்க மட்டும் வழியில்லை, சீட்டில் இருந்தது வேறொருவர் பெயர். இரண்டு பேர் பொங்கலுக்குள் வேலையை விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் தன்லின் பக்கத்திலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை ஆலை சத்தமில்லாமல் நிறுத்தியது. அதை யாரும் எழுத்தில் சொல்லவில்லை. வாசலில் விண்ணப்பம் கொடுத்த பெண்களிடம் ஃபெரி வசதி இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

2018 மே மாதம் கூலி 4,800-க்கு உயர்ந்தபோது இதே ஆலையில் தகராறு இல்லை. ஒருங்கிணைப்புக் குழுவில் முன்கூட்டியே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள்: பயணமும் அரிசியும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேராது, சீட்டில் தனி வரியாக வரும். பக்கத்து ஆலைகள் சிலவற்றில் 2015-இல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது.

மாற்ற வேண்டியவை

ஆகஸ்ட் கடைசியிலேயே சீட்டுகளைப் படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்தது 28-ஆம் தேதி. உயர்வு வரப்போகிறது என்பது ஜூன் முதலே ஊருக்கே தெரியும். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, செலவில்லாத வேலை.

மாதிரி ஒப்பந்தம் வந்த செப்டம்பரில் யாரும் தனியாகக் கையெழுத்திடாமல், லைன் வாரியாக ஒரு பிரதியை வெளியே கொண்டுவந்து படித்துப் பார்த்திருந்தால், தகுதிகாண் காகிதத்தை நடுவர் குழு வரை இழுக்க வேண்டியிருக்காது. தமிழ் ஊர்களில் இதற்குக் கோயில் மண்டபமே போதும். கமிட்டிக்காரர்கள் சங்க வேலைக்கு இடம் தரத் தயங்குவார்கள், ஆனால் காகிதம் படித்துச் சொல்ல என்று கேட்டால் தருவார்கள். இந்த வழக்கின் பிற்பகுதியில் அப்படித்தான் தந்தார்கள்.

அடுத்தவர் அட்டையில் வேலைக்குப் போவதைக் கூலித் தகராறுக்குள் வைத்துத் தீர்க்க முடியாது. அதை அட்டை விண்ணப்பமாகத் தனியாகத்தான் நகர்த்த வேண்டும்; அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை, சேர்ந்த தேதியை உறுதிசெய்யக்கூடிய ஏதாவது ஒன்றை, ஃபெரிப் பட்டியலோ லைனில் எடுத்த படமோ, தொழிலாளியே வைத்துக்கொள்வது நல்லது.

சமரசக் குழு, நடுவர் குழு என்று நான் மேலே எழுதிய பாதையை இன்று அப்படியே நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த மாதமே 16 தொழிலாளர் அமைப்புகள் சட்டவிரோதமாக்கப்பட்டன. சீட்டும் கணக்கும் இன்னும் உதவும், ஆலைக்குள் பேசவாவது. குறிப்பாக இப்போது: 2018-க்குப் பிறகு அடிப்படைக் கூலி பல வருடம் 4,800-லேயே நின்றது. 2023 அக்டோபரில் கொடுத்த 1,000 கியாட்டும், 2024 ஆகஸ்டில் கொடுத்த இன்னொரு 1,000-மும் படியாகத்தான் வந்தன. ஓவர்டைமை அடிப்படைக் கூலியிலிருந்து கணக்கிடும் ஆலையில் அந்த உயர்வுக்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு 1,200 கியாட்தான்.